உருவம் சிறிது, பிடிவாதம் பெரிது: ஜாக் ரஸ்ஸல் டெரியர் வளர்க்கும் முன் அறிய வேண்டியவை

புது தில்லி: பழைய எச்.எம்.வி. இசைத்தட்டின் நடுவே, கிராமபோன் குழலுக்கு முன் தலையைச் சாய்த்து அமர்ந்திருக்கும் வெள்ளை நாயை அறியாத இசைப்பிரியர் இந்தியாவில் ஒரு காலத்தில் இருந்திருக்க முடியாது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1884-இல் பிறந்த அந்த நாயின் பெயர் நிப்பர். வீட்டுக்கு வருவோரின் காலைப் பின்னாலிருந்து கவ்வும் வழக்கத்தால் அந்தப் பெயர் அமைந்தது. அது எந்த இனம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், டெரியர் வகையின் இரத்தம் அதில் ஓடியது என்பதில் ஐயமில்லை.

படத்தில் தெரியும் சாந்தத்தை நம்பி வாங்கிவிட்டு, பெயரில் ஒளிந்திருக்கும் குணத்தோடு வாழ நேர்வதே இவ்வகை நாய்களை வளர்ப்போர் பலரின் அனுபவம். டெரியர்களிலேயே துடிப்பு மிகுந்ததாகக் கருதப்படும் ஜாக் ரஸ்ஸல், இந்தியப் பெருநகரங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இடம்பிடித்துள்ளது. தோள் உயரம் 25 முதல் 30 சென்டிமீட்டர், எடை ஏறத்தாழ ஐந்து அல்லது ஆறு கிலோ. 'சிறிய நாய்தானே, சிறிய வீடு போதும்' என்ற கணக்கு தவறுவது இங்கேதான்.

பிடிவாதம் எங்கிருந்து வந்தது?

டெரியர் என்ற சொல்லின் வேர், நிலத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் உள்ளது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த பாதிரியார் ஜான் ரஸ்ஸல் (1795–1883) நரி வேட்டையில் பேரார்வம் கொண்டவர். ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது பால்காரர் ஒருவரிடமிருந்து அவர் வாங்கிய 'டிரம்ப்' என்ற பெண் நாயே இந்த இனத்தின் தாய் எனக் கூறப்படுகிறது. நரி பதுங்கிய வளைக்குள் நுழைந்து, அதைக் கொல்லாமல், இடைவிடாது குரைத்து வெளியேற்றுவதே இந்நாய்களின் பணி.

மண்ணுக்கடியில், இருட்டில், எஜமானரின் குரல் எட்டாத இடத்தில் நாய் தானே முடிவெடுக்க வேண்டும். கட்டளைக்குக் காத்திருக்கும் நாய் அங்கே பயன்படாது. எனவே, சொந்தமாக முடிவெடுப்பதும், அஞ்சாததும், தோண்டுவதும், ஓயாமல் குரைப்பதும் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டன. நாம் இன்று பிடிவாதம் என்று குறைகூறுவது, அன்று காசு கொடுத்து வாங்கப்பட்ட திறமை. சோபா மெத்தையைத் தோண்டும் நாய் எஜமானரைப் பழிவாங்கவில்லை. தனக்குத் தெரிந்த வேலையைச் செய்கிறது.

அந்த வேலைக்கு உரிய இடம் கிடைத்தால் விளைவு வேறு. உக்ரைனில் கண்ணிவெடிகளை மோப்பம் பிடித்துக் காட்டியதற்காக 2022 மே மாதம் அதிபர் ஸெலென்ஸ்கியிடம் பதக்கம் பெற்ற 'பேட்ரன்' ஒரு ஜாக் ரஸ்ஸல்.

பயிற்சி: அடியும் அதட்டலும் பயன் தராது

இந்நாய்க்கு ஒவ்வொரு நாளும் குறைந்தது ஒரு மணி நேர நடையும் விளையாட்டும் தேவை. ஆனால், உடலைக் களைப்படையச் செய்வது மட்டும் போதாது. மூளைக்கும் வேலை வேண்டும். உணவைத் தட்டில் வைப்பதற்குப் பதிலாக, பழைய துணிச் சுருள்களிலும் அட்டைப் பெட்டிகளிலும் ஒளித்து வைத்து மோப்பம் பிடித்துத் தேடச் செய்யலாம். தோண்டும் இயல்பை அடக்க முயல்வதைவிட, மணல் நிரப்பிய ஒரு தொட்டியை அதற்கென ஒதுக்குவது எளிது, செலவும் குறைவு.

பயிற்சி ஐந்து முதல் பத்து நிமிடம் வரை மட்டும் நீள வேண்டும். நாளுக்கு இரண்டு மூன்று முறை தரலாம். சரியாகச் செய்தவுடன் சிறு துண்டு உணவோ விளையாட்டுப் பந்தோ தர வேண்டும். அடித்தால் நாய் பணியாது. ஒன்று அஞ்சி ஒதுங்கும், அல்லது திருப்பிக் கடிக்கும். வீட்டில் ஒருவர் அனுமதிப்பதை மற்றவர் தடுப்பதும் கூடாது. இந்தக் குடும்ப முரண்பாட்டைக் கண்டுபிடிப்பதில் டெரியர் கெட்டிக்காரன்.

எவ்வளவு நன்றாகப் பழக்கினாலும், ஓர் அணிலையோ பூனையையோ கண்டதும் அதன் காது அடைத்துவிடும். ஆகவே, வேலியில்லாத இடத்தில் கயிற்றை அவிழ்ப்பது ஆபத்து. தெருநாய்க் கூட்டத்தின் முன்னும் அது பின்வாங்காது. தன் உருவம் சிறியது என்பதை உணராது. உடன் செல்பவரே வழி மாறிச் செல்ல வேண்டும்.

எலி என்னும் இந்தியச் சிக்கல்

வெளிநாட்டுக் கையேடுகள் அதிகம் பேசாத ஓர் ஆபத்து இந்திய நகரங்களில் உண்டு. வளையில் இருப்பதை விரட்டப் பிறந்த நாய், பெருச்சாளிகள் நிறைந்த சாக்கடையோரத்தில் நடக்கிறது. எலியின் சிறுநீர் கலந்த நீரின் மூலம் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சல், மழைக்காலத்தில் மும்பை போன்ற நகரங்களில் மனிதர்களையே தாக்குவது. நாயின் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் இது பாதிக்கும். நாயிடமிருந்து வீட்டாருக்கும் தொற்றலாம். இதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுவதும், தேங்கிய நீரைக் குடிக்க விடாமல் தடுப்பதும் அவசியம்.

எலி மருந்து இதனினும் கொடியது. நஞ்சை நேரடியாகத் தின்றாலும், நஞ்சுண்ட எலியைத் தின்றாலும் பாதிப்பு நேரலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை நஞ்சில் அறிகுறிகள் சில நாள் கழித்தே தெரியும். உடனே மருத்துவரிடம் சென்றால் வைட்டமின் கே சிகிச்சையால் காப்பாற்ற முடியும். வேறு சில வகைகளுக்கு முறிவு மருந்தே இல்லை. எனவே 'பொறுத்திருந்து பார்க்கலாம்' என்பது இங்கே பொருந்தாது. மருந்தின் உறையையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்ல வேண்டும். குடியிருப்பில் எலி மருந்து வைக்கப்படும் நாளையும் இடத்தையும் சங்க நிர்வாகிகளிடம் முன்கூட்டியே கேட்டு அறிவது நல்லது.

உண்ணிக் காய்ச்சலும் இந்தியாவில் பரவலானது. நடை முடிந்து திரும்பியதும் காதுமடல், விரலிடுக்கு ஆகியவற்றைத் தடவிப் பார்க்க வேண்டும். சோர்வு, உணவில் நாட்டமின்மை, ஈறு வெளிறுதல் ஆகியவை தென்பட்டால் இரத்தப் பரிசோதனை தேவைப்படும். கோடையில் புறங்கையைத் தார்ச்சாலையில் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். உங்களால் பொறுக்க முடியாத சூட்டில் நாயும் நடக்கக் கூடாது.

இனத்துக்கே உரிய நோய்களில் கவனிக்க வேண்டியது கண். கண்ணின் வில்லை இடம்பெயரும் பரம்பரைக் கோளாறு பெரும்பாலும் நடுவயதில் தோன்றும். கண் சிவந்து, நாய் இமைகளைச் சுருக்கினால் அது அவசர நிலை. தாமதித்தால் பார்வை போய்விடும். முழங்கால் சில்லு நழுவுதலும், சில குட்டிகளுக்குப் பிறவியிலேயே காது கேளாமையும் உண்டு. கூப்பிட்டும் வராத குட்டியைப் பிடிவாதக்காரன் என்று முடிவு கட்டும் முன் அதன் செவித்திறனைச் சோதிப்பது நியாயம்.

சட்டம் என்ன சொல்கிறது?

பெயரில் 'டெரியர்' இருப்பதால் இது தடை செய்யப்பட்ட இனமோ என்ற குழப்பம் வேண்டாம். 2024 மார்ச் 12 அன்று மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபோர்ட்ஷயர் டெரியர் உள்ளிட்ட 20-க்கும் மேற்பட்ட இனங்கள் இடம்பெற்றிருந்தன. ஜாக் ரஸ்ஸல் அதில் இல்லை. அந்தச் சுற்றறிக்கையையும், சம்பந்தப்பட்டோரின் கருத்தைக் கேட்கவில்லை எனக் கூறி கர்நாடக உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஏப்ரலில் ரத்து செய்தது.

நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. இனப்பெருக்கம் செய்வோர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றையும், தாய் நாயையும் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடமிருந்து விலகுவதே உத்தமம். வாங்கிய பின் உள்ளாட்சி அமைப்பில் பதிவு செய்வதும், ரேபிஸ் தடுப்பூசியைத் தவறாமல் போடுவதும் உரிமையாளரின் கடமை. சிறிய நாயின் பல்லும் தோலைக் கிழிக்கும்.

குடியிருப்போர் சங்கங்கள் பெரும்பான்மை முடிவால்கூட வளர்ப்பு நாய்களைத் தடை செய்ய முடியாது என்றும், மின்தூக்கியைப் பயன்படுத்துவதை மறுக்கக் கூடாது என்றும் இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் தெளிவுபடுத்தியுள்ளது. எனினும், இரவெல்லாம் குரைக்கும் நாயால் உறக்கமிழந்த அண்டை வீட்டாருக்கு அந்தச் சுற்றறிக்கை ஆறுதல் தராது. பகலில் எட்டு, பத்து மணி நேரம் பூட்டிய வீட்டில் தனித்துக் கிடக்கும் டெரியர், தன் சலிப்பைக் குரலாலும் பல்லாலுமே வெளிப்படுத்தும்.

பிரிட்டனில் உயிரிழந்த 30,000-க்கும் மேற்பட்ட நாய்களின் தரவுகளைக் கொண்டு ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022-இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பிடப்பட்ட இனங்களிலேயே மிக அதிக ஆயுள் எதிர்பார்ப்பு ஜாக் ரஸ்ஸலுக்கே இருந்தது: 12.72 ஆண்டுகள். பிரெஞ்சு புல்டாக்கிற்கு அது 4.53 ஆண்டுகள் மட்டுமே. இன்று ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்காக வாங்கப்படும் குட்டி, அக்குழந்தை கல்லூரிக்குப் புறப்படும் நாளிலும் காலை ஆறு மணிக்கு வாசற்கதவருகே கயிறைக் கவ்வி நிற்கக்கூடும்.