கால் முடங்கிய கோழி

சென்ற மாதம் அங்கத்தினர் ஒருவரின் தறிக்கூடத்தில், நாய் கடித்து இரு கால்களும் முடங்கிய பெட்டைக்கோழி ஒன்றைக் கண்டோம். "இதை வைத்திருப்பது பாவமா, முடித்துவிடுவது பாவமா?" என்று அவ்வீட்டு அம்மாள் வினவினார். கணக்கேடு பார்க்க வந்த எம்மிடம் இக்கேள்வி!

முடத்தின் காரணத்தை முதலில் அறிதல் வேண்டும். குஞ்சின் விரல்கள் உள்நோக்கிச் சுருண்டிருப்பின், பெரும்பாலும் தீவனத்தில் ரைபோஃபிளேவின் என்னும் வைட்டமின் குறைவே காரணம். விரைந்து கொடுத்தால் தேறக்கூடும். ஒரு கால் முன்னும் மற்றது பின்னுமாக நீண்டு கிடப்பின், 1907-இல் ஹங்கேரி நாட்டு மாரெக் என்பார் விவரித்த நோயென ஐயுறலாம். அதற்கு மருந்தில்லை, பொரித்த முதல் நாளில் இடும் தடுப்பூசியே காப்பு.

இக்கோழிக்கு அம்மாள் கழிவுத் துணியில் கால்களுக்கு இரு துளைகளும் எச்சம் விழ ஒரு துளையும் இட்டுத் தொட்டில் கட்டியிருந்தார். விரல்கள் தரையைத் தொட்டன. தீவனமும் நீரும் அலகுக்கு எட்டின. நன்று. ஆயினும் நாள் முழுதும் தொங்கலாகாது. இடையிடையே உலர்ந்த வைக்கோலில் கிடத்தல் வேண்டும். எச்சம் ஒட்டிய பின்புறத்தைக் கழுவித் துவட்டாவிடில் ஈ மொய்த்துப் புழு வைக்கும். மார்பெலும்பின் மேல்தோல் புண்ணாகிறதா என்றும் நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

கோழி தன் நோவை மறைக்கும் இயல்பினது. ஆகவே அது தானே இரையை நாடுகிறதா, இறகு கோதுகிறதா, எடை குறையாதிருக்கிறதா என்று வரவு பற்றுப் போல் எழுதிவரச் சொன்னோம். இறகு சிலிர்த்துக் கண்மூடி ஒடுங்கும் நாட்கள் மிகுந்தால், கால்நடை மருத்துவரைக் கொண்டு நோவின்றி முடிப்பதே முறை என்றும் கூறினோம்.

சென்ற வாரம் அவ்வேட்டைப் பார்த்தோம். 14 நாட்களில் 11 நல்ல நாட்கள். கோழி தொட்டிலிலிருந்து எம் பேனாவைக் கொத்தியது.