சாலையும் யந்திரமும் – 11: நனைந்து நின்ற வண்டி

ஐப்பசி பிறந்துவிட்டால் தாமிரவருணிக் கரையில் வாழ்கிறவர்களுக்கு வானத்தின்மேல் ஒரு கண்ணும் ஆற்றின்மேல் ஒரு கண்ணும் இருந்தே தீரும். மேற்கே மலையில் பெய்த மழை பாபநாசம் அணையையும் மணிமுத்தாறு அணையையும் நிரப்பிக்கொண்டு கீழே இறங்க, கிழக்கே கடலிலிருந்து ஏறிவரும் பருவமழை ஊருக்குள்ளேயே கொட்டித் தீர்க்க, இரண்டும் ஒரே நாளில் கூடிவிட்டால் என்ன நேரும் என்பதை 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நாம் பிரத்தியட்சமாகக் கண்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பதிவான அந்தப் பிரளயத்தில் நெல்லை ஜங்ஷன் பேருந்து நிலையத்தையும் கொக்கிரகுளத்துக் கலெக்டர் அலுவலகத்தையும் வெள்ளம் சூழ்ந்தது; வீட்டு வாசல்களிலும் தெருவோரங்களிலும் நின்ற கார்களில் எத்தனையோ, கண்ணாடி மட்டத்துக்குத் தண்ணீரில் அமிழ்ந்து கிடந்தன. தண்ணீர் வடிந்த மறு வாரம் எங்கள் தச்சநல்லூரிலும் சுற்றுவட்டாரத்திலும் பட்டறை வாசல்களில் கட்டி இழுத்துக் கொண்டுவந்த வண்டிகள் வரிசைகட்டி நின்றன. அவற்றைப் பார்த்தும் பட்டறைக்காரர்களோடு பேசியும் நான் அடைந்த முடிவு ஒன்று உண்டு: வெள்ளத்தில் நின்றதனால் மட்டும் இன்ஜின் பாழான வண்டிகள் சொற்பம், நின்ற வண்டியை உடனே கிளப்பிவிட வேண்டும் என்ற பதற்றத்தில் சாவியைத் திருகியதனால் பாழானவையே அதிகம்.

இந்தத் தொடரில் சென்ற வாரம் பேட்டரியைப் பற்றி எழுதியபோது, மழைக்காலத்தில் வண்டி நின்றுபோவதைத் தனியே எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். மழையில் நனைந்த வண்டி, தேங்கிய நீரில் புகுந்து வந்த வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி ஆகிய மூன்றையும் ‘தண்ணீர் பட்டு நின்றுவிட்டது’ என்ற ஒரே வாக்கியத்தில் நாம் அடக்கிவிடுகிறோம். ஆனால் மூன்றின் நோயும் வேறு, மூன்றின் பரிகாரமும் வேறு. ஒன்றுக்கு உதவும் உபாயம் மற்றொன்றுக்கு மரணமாகவே முடியலாம். மதுரை ரோட்டில் நெடுங்காலமாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவர், இப்படி ஒரு வண்டி வந்தால் பானெட்டைத் தூக்குவதற்கு முன்னால் கேட்கும் கேள்விகள் இவை: “அண்ணாச்சி, வண்டி வெட்டி வெட்டி நின்னுச்சா, இல்ல ஒரே அடியா டக்குன்னு நின்னுச்சா? நின்ன பொறவு எத்தன தடவ செல்ஃப் அடிச்சிய?” கையில் ஸ்பானரை எடுக்காமலே பாதிப் பரிசோதனையை அவர் முடித்துவிடுகிறார் என்பதை, அந்தப் பட்டறையில் ஒரு மழைநாள் முழுவதும் உட்கார்ந்திருந்தபோது உணர்ந்தேன். வண்டி நின்ற விதத்தில்தான் காரணம் இருக்கிறது.

முதலில், வெட்டி வெட்டி நிற்கும் வண்டி. மழையில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று இழுவை குறைந்து, ஒரு சிலிண்டர் வேலை செய்யாததுபோல உதறி, சில கஜ தூரம் தயங்கித் தயங்கி ஓடி அடங்கிவிடுகிறது. செல்ஃப் அடித்தால் இன்ஜின் தாராளமாகச் சுற்றுகிறது, ஆனால் பற்றிக்கொள்வதில்லை. பெட்ரோல் வாடை மட்டும் மூக்கில் அடிக்கிறது. இது மின்பொறி வழிதவறிய குறி. பேட்டரியிலுள்ள 12 வோல்ட் மின்சாரத்தால், அழுத்தப்பட்ட பெட்ரோல் ஆவியின் நடுவே பிளக்கின் சிறு இடைவெளியைத் தாண்டிப் பொறி பறக்க இயலாது. ஆகவே காயில் என்ற சாதனத்தில், முதற்சுற்றில் ஓடும் மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்து, பல்லாயிரம் சுற்றுகள் கொண்ட இரண்டாம் சுற்றில் பதினையாயிரம், இருபதினாயிரம் வோல்ட் என்று உயர்த்துகிறார்கள். 1831இல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல் தத்துவம்தான் இது. அதை மோட்டார் வண்டிக்குச் செம்மையாகப் பொருத்திக் கொடுத்தவர் அமெரிக்காவின் டேட்டன் நகரத்துச் சார்லஸ் கெட்டரிங். அவர் 1910ஐ ஒட்டி காடிலாக் வண்டிக்காக அமைத்த ஏற்பாடுதான், அதிக மாறுதல் இல்லாமல், நம் அம்பாஸடரிலும் பத்மினியிலும் பல தலைமுறைகள் ஓடியது.

இவ்வளவு உயர்ந்த அழுத்தமுள்ள மின்சாரம் தான் போகவேண்டிய இடத்துக்கு வெளியே எங்கே ஓர் ஈரக்கோடு அகப்பட்டாலும் அதன்மேல் ஓடிவிடும். சுத்த ஜலம் மின்சாரத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆனால் சாலையிலிருந்து தெறிக்கும் நீரில் மண்ணும் உப்பும் கரித்தூளும் கலந்திருக்கின்றன. அந்த நீர் பிளக் ஒயரின் மேலும், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரின் மூடியின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்தவுடன், பிளக்கில் பறக்கவேண்டிய பொறி அந்தப் படலத்தின் வழியாக இன்ஜினின் இரும்பில் இறங்கி மறைகிறது. மூடியின் உள்பக்கத்தில் நேரும் வேர்வை இன்னும் சூக்ஷ்மமானது. சூடாக இருந்த இன்ஜின் மழையில் திடீரென்று குளிரும்போது உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் சிறு முத்துக்களாகப் படிந்துவிடும். வெளியே எவ்வளவு துடைத்தாலும் குறை தீராததற்கு இதுவே காரணம். ஒருமுறை மின்சாரம் ஓடிய தடத்தில் கரி படிந்துவிட்டால், பிறகு ஈரம் காய்ந்தாலும் அந்தத் தடமே அதற்குப் பாதையாக அமைந்துவிடும்; அப்போது மூடியை மாற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

ஓடும்போது ஒருவாறு சமாளித்த வண்டி, நின்ற பிறகு கிளம்ப மறுப்பது ஏன் என்று பலர் கேட்பதுண்டு. செல்ஃப் மோட்டார் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம்; அது சுற்றும் வேளையில் பேட்டரியின் 12 வோல்ட் பத்துக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடுகிறது; பொறிக்குப் பலம் மிகவும் தேவைப்படுகிற அந்தக் கணத்தில்தான் காயிலுக்குக் கிடைப்பது குறைகிறது. ஏற்கெனவே கசிவும் இருக்க, குறைந்த பலமும் அந்தக் கசிவிலேயே போய்விடுகிறது. அதே வண்டியை அரைமணி நேரம் சும்மா விட்டால், இன்ஜினின் சூட்டிலேயே ஈரம் ஆவியாகி, ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும். தானாகச் சரியாயிற்று என்று உடையவர் ஆறுதல் அடைவார்; அடுத்த மழையில் அதே இடத்து வெடிப்பில் அதே குறை திரும்ப வரும். இந்தக் குறை பெரிய நிபுணர்களையும் விடவில்லை. 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்து உலகப் புகழ் பெற்ற மினி காரில், டிஸ்டிரிபியூட்டர் முன்புறக் கம்பித் தட்டிக்கு நேர் பின்னால் அமைந்துவிட்டபடியால், ஆரம்ப வண்டிகள் கனமழையில் நடுவழியில் நின்றன. மறைப்புகள் வைத்துத்தான் பிறகு அதைச் சரி செய்தார்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து வைத்து, இன்ஜின் ஓடும்போது சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். பிளக் ஒயர்களின் மேல் நீலநிறமாக மின்னல் ஊர்ந்தால் அந்த ஒயர் பழுது. கையால் தொடலாகாது. பரிகாரமும் எளியது: மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த துணியால் துடைத்து வெயிலில் வைப்பது, வெடித்ததையும் கரித்தடம் விழுந்ததையும் மாற்றுவது. ஈரம் போக்கும் ஸ்பிரே அடிப்பவர்கள் அதன் ஆவி முற்றிலும் அடங்கிய பிறகே சாவியைத் தொடவேண்டும். அது தீப்பற்றும் பொருள். இந்தக் காயிலையும் டிஸ்டிரிபியூட்டரையும் நம் நாட்டிலேயே செய்வதற்காக 1961இல் ஏற்பட்டது சென்னைப் பாடியிலுள்ள லூகாஸ்–டி.வி.எஸ். அந்தப் பெயரில் நிலைத்திருக்கும் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877இல் நம் ஜில்லாவின் திருக்குறுங்குடியில் பிறந்தவர் என்பதை இங்கே சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. மோட்டார் வண்டிகள் பழுதானால் நடுத்தெருவில் நிற்க நேர்ந்த காலத்தில், தென்னாட்டில் பஸ்ஸையும் பட்டறையையும் உதிரிபாகத்தையும் ஒழுங்கான தொழிலாக நிலைநிறுத்திய பெருமை அவருக்கு உண்டு.

இன்றைய வண்டிகளில் டிஸ்டிரிபியூட்டரே கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒவ்வொரு காயில் நேராக உட்கார்ந்திருக்கிறது. ஆயினும் ஈரம் போய்விடவில்லை. பிளக் அமர்ந்திருக்கும் ஆழமான குழியில் நீர் தேங்கிவிட்டால் அது எளிதில் வெளியேறாது. பானெட்டைத் தூக்கி, இன்ஜினின்மேல் நேராக ஹோஸ் பைப் பிடித்துக் கழுவுகிற வழக்கத்தால் மழையில்லாத நாளிலும் இந்த வினையை வரவழைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இதைத் தவிர, இன்ஜின் எந்தக் கணத்தில் எந்த நிலையில் சுற்றுகிறது என்பதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சென்சார் ஒன்று கீழ்ப்பகுதியில் இருக்கிறது. அதன் ஒயரை இணைக்கும் கப்ளருக்குள் தண்ணீர் புகுந்தால் பொறியும் நிற்கும், பெட்ரோலும் நிற்கும். செல்ஃப் சுற்றும், ஆனால் பெட்ரோல் வாடைகூட வராது. பெட்ரோல் வாடை இருக்கிறதா இல்லையா என்ற அற்ப விஷயம் இங்கே பெரிய சாட்சியாகிறது. 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த கார்களில் குறையைத் தானே குறித்துவைக்கும் ஏற்பாடு கட்டாயமாக்கப்பட்டிருப்பதால், பட்டறையில் ஸ்கேனரை மாட்டினால் எந்தச் சென்சாரின் செய்தி அறுந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் ஸ்கேனர் சென்சாரைச் சொல்லியது என்பதற்காகச் சென்சாரையே மாற்றிவிடுவது அவசரம். முதலில் கப்ளரைக் கழற்றி, உலர்த்தி, முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும்.

இனி, ஒரே அடியாக டக்கென்று நின்ற வண்டி. தேங்கிய நீரில் போய்க்கொண்டிருக்கும்போது, உதறலும் இல்லாமல் தயக்கமும் இல்லாமல், கடினமான ஒரு சத்தத்தோடு இன்ஜின் நின்றுவிட்டது. செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்ற ஒலியோடு சரி, சுற்றுவதே இல்லை. இப்படி நின்றால் சாவியைத் திரும்பத் தொடாமல் கையை எடுத்துவிடுங்கள். ஏர் பில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருக்கிறது என்பது இதன் பொருள். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலேறும் பிஸ்டன் அதன்மேல் மோதி நிற்கும்போது, அந்தப் பலமெல்லாம் கனெக்டிங் ராடு என்ற தண்டின்மேல் விழுந்து அது வளைகிறது. எவ்வளவு தண்ணீர் போதும் என்று கணக்குப் போட்டால் திகைப்பாக இருக்கும். 796 சி.சி. கொள்ளளவுள்ள மாருதி 800இல் சிலிண்டர்கள் மூன்று. பிஸ்டன் உச்சிக்கு ஏறிய பின் ஒவ்வொன்றிலும் மிஞ்சுகிற இடம் சுமார் 35 மில்லிலிட்டர்தான். 1248 சி.சி. டீசல் இன்ஜினில் அழுத்தம் இரண்டு மடங்கு அதிகமாகையால் மிஞ்சும் இடம் 20 மில்லிலிட்டருக்கும் குறைவு. ஒரு சிறு கரண்டித் தண்ணீர் ஓர் இன்ஜினை முடமாக்கிவிடுகிறது.

வேகமாக ஓடிக்கொண்டிருக்கையில் தண்ணீர் புகுந்தால் தண்டு அந்தக் கணமே வளைந்துவிடலாம். அதற்கு நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தபோது நின்ற வண்டியில் தண்டு பெரும்பாலும் தப்பியிருக்கும். அந்தத் தப்பிய தண்டைத்தான், நாம் மீண்டும் மீண்டும் செல்ஃப் அடித்து முறிக்கிறோம். சரியான முறை இது: வண்டியைத் தள்ளி மேட்டில் ஏற்றுக, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுக, ஏர் பில்டரைத் திறந்து அட்டை நனைந்திருக்கிறதா என்று பார்க்க. அட்டை உலர்ந்திருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நனைந்திருந்தால் மெக்கானிக்கை வரவழைத்து, எல்லாப் பிளக்குகளையும் கழற்றிய பிறகே இன்ஜினைச் சுற்றவிட வேண்டும்; உள்ளிருக்கும் தண்ணீர் பிளக் துவாரத்தின் வழியாகப் பீறிட்டு வெளியேறிவிடும். ஆயில் கேஜ் கம்பியை உருவிப் பார்க்கும்போது எண்ணெய் பால் ஊற்றிய காப்பிபோல வெளுத்திருந்தால், அதை முழுக்க வடித்துப் புதிதாக நிரப்பும் வரைக்கும் ஸ்டார்ட் செய்யலாகாது. இன்சூரன்ஸ் விஷயத்திலும் இது முக்கியம்: வெள்ளத்தில் மூழ்கியது ஒன்று, மூழ்கிய பின் ஸ்டார்ட் செய்ததனால் இன்ஜின் கெட்டது வேறு என்று கம்பெனிகள் பிரிக்கின்றன, இன்ஜினுக்கென்று தனியான பாதுகாப்பு எடுத்திராத பாலிசியில் இரண்டாவதற்குப் பணம் கிடைப்பது அரிது. தண்ணீரில் நின்ற நிலையிலேயே போட்டோ எடுத்துவைப்பது நல்லது.

நிறுத்தியிருந்தபடியே மூழ்கிய வண்டி மூன்றாவது வகை. அது ஓடவில்லை; ஆகவே தண்ணீரை உறிஞ்சவில்லை என்று தைரியம் கொள்ளக்கூடாது. நீர்மட்டம் உயர்ந்திருந்தால் சைலன்சர் வழியாகவும் ஏர் பில்டர் வழியாகவும் தானே உள்ளே இறங்கியிருக்கும். மேலும் இப்போது பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் தண்ணீரோடு உறவுகொள்ளும் வஸ்து. அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் கூடிப் பெட்ரோலைவிட்டுப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கிவிடும். பம்பு உறிஞ்சுவதோ அடியிலிருந்து. எல்லாம் சரிபார்த்தும் கிளம்பாத வண்டியில் டாங்கை வடித்துப் பார்க்காமல் விடக்கூடாது.

ஒரு விண்ணப்பத்தோடு இந்த வாரத்தை முடிக்கிறேன். தேங்கிய நீரில் ஒரு சிறு கார் பத்திரமாக ஊர்ந்து போகும் ஆழம் இருக்கிறது. அரைச் சக்கரத்துக்குள் அடங்கிய நீரில், முதல் கியரில், நிற்காமல், மெல்லப் போனால் காற்று உறிஞ்சும் வாய் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்கும். எதிரே ஒரு பஸ்ஸோ லாரியோ வேகமாக வரும்போதுதான், அது எழுப்பும் அலை பானெட்டின் மேலேறி அந்த வாய்க்குள் புகுகிறது. வண்ணார்பேட்டைக்கும் ஜங்ஷனுக்கும் தச்சநல்லூருக்கும் இடையே மழைநாளில் பெரிய வண்டி ஓட்டும் அன்பர்கள், தேங்கிய நீரைக் கண்டால் வேகத்தைக் குறைத்து எதிர்வரும் சிறிய வண்டிக்கு வழிவிட வேண்டும். இருவருக்கும் அதனால் ஆகும் தாமதம் அரை நிமிஷம். அடுத்த வாரம், தண்ணீரைக் கடந்து வந்த பின் பிரேக் பிடிக்காமல் போவதைப் பற்றி எழுதுகிறேன்.