சொல்லாமல் விட்ட ஓர் எண்

கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிறவர்கள் எல்லாரும் ஒரே மொழியில் எழுதுவதில்லை. 1957-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழி கணிதத்துக்கென்றே பிறந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி உருவாக்கிய 'சி' மொழி அதற்குப் பதினைந்து ஆண்டு இளையது. நன்கு சோதித்துத் தேறிய பழைய ஃபோர்ட்ரான் கணக்குமுறைகளைத் தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? ஆகவே 'சி' நிரலிலிருந்தே ஃபோர்ட்ரானிடம் வேலை வாங்குகிறார்கள்.

இரண்டையும் தனித்தனியே எந்திர மொழியாக்கி, பல நிரல்களும் பங்கிட்டுக்கொள்ளும் ஒரே நூலகமாகக் கட்டுவது வழக்கம். (இந்த நூலகத்தில் புத்தகம் கிடையாது, தயார் செய்து வைத்த கட்டளைத் தொகுப்புகள்தாம்.) அது நினைவகத்தில் எந்த முகவரியிலும் குடியேறக்கூடியதாக இருக்க வேண்டும். வேலை தேடி மும்பைக்கு வந்தவர், மாட்டுங்காவில் இடம் கிடைத்தால் அங்கே, தாராவியில் கிடைத்தால் அங்கே என்று இருப்பதைப் போல! 'எந்த முகவரிக்கும் பொருந்தும்படி செய்' என்று மொழிமாற்றியிடம் முன்கூட்டியே சொல்லாவிட்டால், பிறகு இணைப்பான் மறுத்துவிடுவதுண்டு.

அடுத்தது பெயர்க் குழப்பம். ஊரில் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுக்கொண்டவருக்கு, வெளிமாநில அலுவலகப் பதிவேட்டில் அப்பா பெயர் முழுவதும் பின்னே ஒட்டிக்கொள்ளும். பிறகு சம்பளப் பட்டியலில் தம்மைத் தாமே தேட வேண்டியதுதான். இங்கும் அதே கதை. ஜி-ஃபோர்ட்ரான் மொழிமாற்றி பொதுவாகப் பெயரின் வாலில் ஓர் அடிக்கோடு சேர்க்கும். லினக்ஸில் 'சி' எதையும் சேர்க்காது. 'சி பிளஸ் பிளஸ்' மொழியோ, வாங்கிக்கொள்ளும் தகவல்களின் வகைகளையும் பெயருக்குள்ளேயே திணித்துவிடும்! பெயர் பொருந்தாவிட்டால் இணைப்பான் கூச்சல் போடும். அது நல்லதே.

கூச்சல் எழாத இடத்தில்தான் ஆபத்து. ஃபோர்ட்ரானுக்கு எழுத்துத் தொடர் ஒன்றை அனுப்பினால், அதன் நீளத்தையும் மறைமுகமான ஓர் எண்ணாகக் கடைசியில் அனுப்ப வேண்டும். 'ஓரெழுத்துதானே, நீளம் எதற்கு?' என்று 'சி' எழுதுகிறவர்கள் பல்லாண்டுகளாக அதை விட்டுவிட்டார்கள். லாபேக் என்னும் புகழ்பெற்ற கணித நூலகத்தை அழைத்த நிரல்கள் பலவும் இப்படித்தான். எல்லாம் ஒழுங்காகவே நடந்துவந்தன.

2019-இல் குட்டு வெளிப்பட்டது. ஜி.சி.சி.யின் புதிய ஃபோர்ட்ரான் மொழிமாற்றி, அந்த எண்ணுக்குரிய இடத்தைத் தன் உபயோகத்துக்கு எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அனுப்பாத எண்ணுக்கு இடம் ஏது? அழைத்தவரின் சொந்தத் தகவல்மீதே எழுதியது. புள்ளியியலுக்குப் பயன்படும் 'ஆர்' மொழியின் துணைத் தொகுப்புகள் சில நிலைகுலைந்தன. இத்தனைக்கும் அவற்றில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை!

விதிப்படி பார்த்தால் மொழிமாற்றிமேல் குற்றமில்லை. ஆயினும் ஜி.சி.சி. குழுவினர் இறங்கிவந்து, பழைய நிரல்களுக்காக ஒரு சலுகை வைத்தனர். 'ஆர்' குழுவினரோ விட்டுப்போன நீளங்களையும் அனுப்பும்படி தங்கள் நிரல்களைத் திருத்தினர். 'சி'யுடன் பேச முறையான ஏற்பாடு ஃபோர்ட்ரானின் 2003-ஆம் ஆண்டுத் தரவிதியிலேயே வந்துவிட்டது. ஆனால் லாபேக் வெளியானது 1992-இல்.