வாத்தியாருக்கு ஒரு சட்டாம்பிள்ளை

2000ஆம் ஆண்டு குஜராத் அரசு, வதோதரா நகரின் 100 மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்குப் பள்ளிக்கு நான்கு கணினி என்று அனுப்பிவைத்தது. இரண்டு ஆண்டு கழித்து 'பிரதம்' தொண்டு நிறுவனத்தார் போய் விசாரித்தார்கள். பல பள்ளிகளில் கணினிகள் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றை இயக்கத் தெரிந்த ஆள் அங்கே இல்லை.

பிரதம் அவற்றுக்கு ஒரு வேலை கொடுத்தது. நான்காம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கணினிக்கு இருவராக உட்கார்ந்து, வாரம் இரண்டு மணி நேரம் கணக்கு விளையாட்டுகள் ஆடினார்கள். விடை சரியாக வர வர அடுத்த கணக்கு கடினமாகும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டஃப்லோவும் தம் சக ஆய்வாளர்களோடு இதன் பலனை அளந்தார்கள். கணக்கு மதிப்பெண் நன்றாகவே ஏறியிருந்தது. இரண்டாம் ஆண்டில் இன்னும் கூடியது. ஆனால் திட்டத்தை விட்டு வெளியே வந்து ஓராண்டு ஆனதும் அந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கரைந்துபோயிருந்தது.

கணினி பாடம் சொல்லித்தருமா என்றால், தரும். எப்போது, யாருடைய நேரத்தில் என்பதில்தான் சிக்கல். அதற்கும் விடை குஜராத்திலேயே கிடைத்தது.

'ஞான் ஷாலா' என்பது ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகக் குறைந்த செலவில் பள்ளிகள் நடத்தும் அமைப்பு. ஆசிரியர் ஒவ்வொரு நிமிடமும் என்ன செய்ய வேண்டும் என்பதுவரை பாடத்திட்டத்தைச் செதுக்கி வைத்திருப்பார்கள். அங்கே பொருளியல் ஆய்வாளர் லீ லிண்டன் ஒரே கணக்கு மென்பொருளை இரண்டு விதமாகச் சோதித்தார். சில பள்ளிகளில் வகுப்பு நேரத்தில் ஒரு பகுதியை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தார்கள். வேறு சில பள்ளிகளில் வகுப்பில் கை வைக்காமல், பள்ளி நேரத்துக்கு வெளியே கணினி முன் உட்காரவைத்தார்கள். மென்பொருள் ஒன்றுதான், பிள்ளைகளும் அதே வயதுதான். ஆனால் வகுப்பு நேரத்தைக் கணினி தின்ற இடத்தில் மதிப்பெண் சரிந்தது, அதுவும் கொஞ்சநஞ்சமல்ல. வகுப்புக்கு மேல் கூடுதலாகக் கிடைத்த இடத்தில் மதிப்பெண் உயர்ந்தது. அங்கேயும் பின்தங்கிய பிள்ளைகளுக்கே அதிகப் பலன். நல்ல ஆசிரியரின் ஒரு மணி நேரத்தைப் பிடுங்கி இயந்திரத்திடம் கொடுத்தால் நட்டம் என்பதை இதைவிடப் பளிச்சென்று காட்டிய சோதனை அரிது.

இயந்திர வாத்தியார் என்ற ஆசை வகுப்பறைக்குக் கணினி வந்ததைவிட மூத்தது. 1953 நவம்பரில் அமெரிக்க உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் தம் மகளின் நான்காம் வகுப்புக் கணக்குப் பாடத்தைப் பார்க்கப் போயிருந்தார். சில பிள்ளைகள் கணக்குகளை முடித்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சிலர் தாளை வெறித்துக்கொண்டிருந்தார்கள். தான் போட்டது சரியா தவறா என்பது எந்தப் பிள்ளைக்கும் அப்போதே தெரியவில்லை. வீடு திரும்பிய ஸ்கின்னர், விடையை உடனே சரிபார்க்கும் ஒரு பெட்டியைச் செய்யத் தொடங்கிவிட்டார்.

அவருக்கு உறுத்திய குறைக்கு நம் ஊரில் முன்பே ஒரு வழி இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரான அண்ணாவிக்குக் கைகொடுக்கச் சட்டாம்பிள்ளை இருந்தான். மூத்த மாணவன், சின்னப் பிள்ளைகளின் பாடத்தைக் கேட்பான், மணலில் எழுதுவதைத் திருத்துவான். சென்னை எழும்பூரில் ராணுவ அனாதைப் பள்ளியை நடத்திவந்த ஆண்ட்ரூ பெல், மணலில் பிள்ளைகள் எழுதிப் பழகுவதை ஓர் உள்ளூர்ப் பள்ளியில் கண்டு, தம் பள்ளியில் மாணவர்களையே மாணவர்களுக்குச் சொல்லித்தர வைத்தார். 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூலும் வெளியிட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் அது பரவியது. கணினியை ஆசிரியர் என்று நினைப்பதைவிடச் சட்டாம்பிள்ளை என்று நினைத்தால் பல குழப்பங்கள் தீரும்.

நல்ல சட்டாம்பிள்ளை விடையை மட்டும் பார்க்கமாட்டான், எந்த வரியில் வழுக்கினாய் என்று பார்ப்பான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜான் ஆண்டர்சன், கென் கோடிங்கர் ஆகியோர் உருவாக்கிய 'காக்னிட்டிவ் டியூட்டர்' அப்படிப்பட்டது. இயற்கணிதச் சமன்பாட்டை மாணவர் ஒவ்வொரு படியாகப் போடப் போட, அது கூடவே சரிபார்க்கும். மாட்டிக்கொண்டால் முதலில் லேசாகக் கோடி காட்டும், அப்புறம் கொஞ்சம் வெளிப்படையாக, கடைசியில் விடையையே சொல்லிவிடும். பிள்ளைகள் சிலர் யோசிக்காமலே குறிப்புப் பொத்தானை டக்டக்கென்று தட்டிக் கடைசிக் குறிப்புக்குப் போய்விட்டார்கள்! இந்தத் தில்லுமுல்லைக் கண்டுபிடிப்பதே ஒரு தனி ஆராய்ச்சித் துறையாகிவிட்டது.

இத்தகைய மென்பொருள் புழங்கிய வகுப்பறைகளில் ஆசிரியரின் நடமாட்டமும் மாறியது. கரும்பலகை முன்னால் நின்று நாற்பது பேருக்கும் ஒரே பேச்சைப் பேசுவது குறைந்தது. திணறும் பிள்ளையின் பக்கத்தில் போய் உட்கார நேரம் கிடைத்தது. ஆனால் பலன் ஒரே நாளில் வந்துவிடவில்லை. அமெரிக்காவின் ஏழு மாநிலங்களில் 147 பள்ளிகளில் காக்னிட்டிவ் டியூட்டரை வைத்து ராண்ட் ஆய்வு நிறுவனம் நடத்திய பெரிய ஆய்வில், முதல் ஆண்டில் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தெரியவில்லை. இரண்டாம் ஆண்டில்தான் உயர்நிலைப் பள்ளிகளில் முன்னேற்றம் தென்பட்டது.

இந்தியாவுக்குத் திரும்பினால், மிகவும் பேசப்பட்ட சோதனை தில்லியில் நடந்தது. அகமதாபாத்தின் 'எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ்' நிறுவனம் தயாரித்த 'மைண்ட்ஸ்பார்க்' மென்பொருளைப் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். அரசுப் பள்ளி மாணவர்கள் 619 பேர். குலுக்கல் முறையில் ஒரு பாதியினருக்கு இலவச இடம். வாரத்தில் ஆறு நாள், பள்ளி நேரத்துக்கு வெளியே 90 நிமிடம்: பாதி நேரம் கணினியோடு, மீதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவி ஆசிரியரோடு.

முதல் தேர்விலேயே தெரிந்த செய்தி சங்கடமானது. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது இடைவெளி நாலரை வகுப்பாகியிருந்தது. ஒரே வகுப்பறையில் ஐந்தாறு வகுப்புகளின் தரம் கலந்து உட்கார்ந்திருந்தது. கடைசி வரிசைப் பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வந்தார்கள், அவ்வளவுதான். கற்றல் நகரவே இல்லை. பாடநூலை முடித்தாக வேண்டிய ஒற்றை ஆசிரியர் இதில் யாருக்குப் பாடம் நடத்துவார்?

மென்பொருள் அந்தந்தப் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கியது. நாலரை மாதத்தில், இடம் கிடைத்தவர்களின் கணக்கு முன்னேற்றம் மற்றவர்களுடையதைப் போல இரு மடங்கானது. இந்தியில் அதற்கும் மேல். இதில் ஒரு வேடிக்கை உண்டு: பள்ளியில் நடந்த கணக்குத் தேர்வில் இந்த முன்னேற்றம் தெளிவாக எதிரொலிக்கவில்லை. நான்காம் வகுப்புக் கணக்கை ஒருவழியாகப் பிடித்துவிட்ட ஏழாம் வகுப்பு மாணவனுக்கு, ஏழாம் வகுப்பு வினாத்தாளில் என்ன கிடைக்கும்? பிள்ளை நகர்ந்திருக்கிறான், அதை அளக்கும் கோல் பள்ளியிடம் இல்லை.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்து சேர்ந்திருக்கிறது. துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் நடந்த சோதனையில், சாட்ஜிபிடி போன்ற உரையாடல் மென்பொருளைத் தடையின்றிப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்குகளை மற்றவர்களைவிட 48 விழுக்காடு மேலாகப் போட்டார்கள். பிறகு அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடவே தொடாதவர்களைவிட 17 விழுக்காடு பின்தங்கினார்கள். விடையைச் சொல்லாமல் கோடி மட்டும் காட்டும்படி ஆசிரியர்கள் வகுத்துத் தந்த இன்னொரு வடிவத்தில் அந்தச் சரிவு பெரும்பாலும் இல்லை.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். இணையவழியில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித்தரும் சுமார் 900 பயிற்றுநர்களை எடுத்துக்கொண்டு, அவர்களில் ஒரு பகுதியினருக்குச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைக் கொடுத்தார்கள். அடுத்து என்ன கேட்கலாம், எப்படிக் கோடி காட்டலாம் என்று அது பயிற்றுநரிடம் மட்டும் சொல்லும். ஏற்பதும் மாற்றுவதும் அவர் விருப்பம். அதிகம் மேம்பட்டவர்கள், திறமை குறைவாக மதிப்பிடப்பட்ட பயிற்றுநர்களின் மாணவர்கள். திரைக்கு மறுபக்கம் இருக்கும் பிள்ளைக்கு வந்து சேர்ந்ததோ எப்போதும்போல வாத்தியாரின் பெயரில் ஒரு கேள்வி.