ரத்தக் குழாய் போகும் தூரம்

நான் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்வது தெரிந்தவுடன் சொந்தக்காரர்கள் கேட்பது ஒன்றுதான். "ஒரு சுகர் டெஸ்டுக்கு எதற்குத் தம்பி மூன்று குழாய் ரத்தம்?" மூன்றையும் சேர்த்தால் இரண்டு மூன்று தேக்கரண்டிதான் வரும். பயப்பட வேண்டாம்.

அப்பா பிறந்த சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் டிரஸர்தான் எல்லாம். விரலில் குத்துவார், ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் தடவுவார், நுண்ணோக்கியில் மலேரியா இருக்கிறதா என்று பார்ப்பார், மருந்தும் அவரே கொடுப்பார். லயத்தில் எல்லாரையும் முகம் பார்த்தே தெரியும். ஆள் மாறாட்டத்துக்கு இடமே இல்லை.

இப்போது சிறிய கிளினிக்குகளில் எடுக்கும் ரத்தம் பல நேரம் பெரிய மருத்துவமனைக்குப் பயணப்படுகிறது. காரணம் எளிது. இயந்திரம் விலை அதிகம், அதற்கான ரசாயனங்களுக்குக் காலாவதி உண்டு. நாளைக்குப் பத்துக் குழாய் வரும் இடத்தில் வைத்தால் நஷ்டம். 1981-லேயே ஜப்பானின் கோச்சி மருத்துவக் கல்லூரியில் மசாஹிடே சசாக்கி என்ற மருத்துவர், குழாய்களைப் பட்டையில் ஓடவிட்டு இயந்திரங்களே சோதிக்கும் கூடத்தை அமைத்துக் காட்டிவிட்டார்.

இயந்திரத்தை நான் நம்புகிறேன். எனக்குக் கவலை தருவது, ரத்தம் அதை வந்து சேரும்வரை நடப்பவைதான். ஆய்வுக்கூடப் பிழைகளில் பெரும்பகுதி அங்கேதான் பிறக்கிறது. பிரித்தெடுக்காத ரத்தத்தைச் சும்மா வைத்தால், அதிலுள்ள அணுக்களே சர்க்கரையைத் தின்னும். மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு குறையும். சாம்பல் மூடிக் குழாயில் உள்ள ஃபுளோரைடு அதை மட்டுப்படுத்தத்தான். வழியில் குலுங்கிச் சிவப்பணு உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும்.

அடுத்தது பெயர். நம் ஆட்களில் எத்தனை முனியாண்டி, எத்தனை லெட்சுமி! ஸ்டிக்கர் மாறி ஒட்டப்பட்டால், இயந்திரம் வேறொருவரின் ரத்தத்துக்கு மிகத் துல்லியமான முடிவை உங்கள் பெயரில் தரும். ஆகவே தாதி பெயரையும் ஐ.சி. எண்ணையும் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். குழாயில் ஒட்டியிருப்பதைப் படித்துப் பாருங்கள். வாசிக்கத் தெரியாத பாட்டி என்றால் கூடப் போகிறவர் படிக்கட்டும்.

எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுபோவதும் சரியில்லை. கிரிக் போன்ற தூரத்து ஊரில் நெஞ்சுவலியோடு வருபவரின் ரத்தம் வேனுக்காகக் காத்திருக்க முடியாது. மாரடைப்பு, டிங்கி, அவசரச் சர்க்கரைச் சோதனைகளுக்கான சிறு கருவிகள் அங்கேயே இருக்க வேண்டும். அவற்றை இயக்கத் தெரிந்த ஆளும், இரவு ஷிஃப்டிலும்.