கூடும் இடத்துக்கும் ஒரு சட்டம்

இங்கிலாந்தில் ‘பப்’ என்றால் குடிக்கும் இடம் மட்டுமல்ல. பிறந்தநாள் விருந்து, கால்பந்து ஆட்டத்தைச் சேர்ந்து பார்ப்பது, இறுதிச் சடங்கு முடிந்து உறவினர் ஒன்றாக உட்காருவது எல்லாம் அங்கேதான். அதனால்தான் அந்நாட்டின் 2011ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம், கட்டடத்தின் அழகைப் பார்க்காமல் அதன் பயனைப் பார்த்தது. ஊர்மக்கள் 21 பேர் சேர்ந்து கேட்டால், ஒரு பப்பைச் சமூக மதிப்புள்ள சொத்தாக உள்ளாட்சி மன்றம் பதிவு செய்யலாம். பிறகு உரிமையாளர் அதை விற்க நினைத்தால், வாங்க விரும்பும் ஊராருக்குப் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். லண்டன் நன்ஹெட்டிலுள்ள ‘ஐவி ஹவுஸ்’ இப்படித்தான் 2012இல் பதிவாகி, மறு ஆண்டு ஊர்மக்களே பங்குதாரர்களான பப்பாகத் திறந்தது.

பினாங்கின் ஜார்ஜ்டவுனுக்கு இப்படி ஓர் ஏற்பாடு அவசரமாகத் தேவை. 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, பல இனங்களின் வாழும் பண்பாட்டையும் காரணமாகச் சொன்னது. வாழும் பண்பாடு முகப்பு ஓட்டிலும் மரச் சன்னலிலும் இல்லை. கோப்பிக் கடை மேசையிலும், நாசி கண்டார் சோற்றுக் கடை வரிசையிலும், லிட்டில் இந்தியாவின் தேநீர்க் கடை வாசலிலும் இருக்கிறது. ஆனால் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 2000 தொடக்கத்தில் பழைய கடைவீடுகளின் வாடகை சந்தைக்கு விடப்பட்டது. தலைமுறைகளாகக் குடியிருந்தவர்களும் சிறுதொழில் செய்தவர்களும் பலர் வெளியேறினார்கள். சுவர்களுக்குக் காவல் வந்தது அதற்கு எட்டு ஆண்டு கழித்துத்தான். வாடகைக்காரருக்கு அதுவும் வரவில்லை.

தைப்பூசத்தில் கூட்டம் குறையவில்லையே என்று கேட்கலாம். உண்மைதான். பினாங்குத் தெருக் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் தண்ணீர்மலைச் சாலைக்குப் புறப்படும்போது வழியெங்கும் தேங்காய் உடைகிறது, தண்ணீர்ப் பந்தல்கள் நிறைகின்றன. ஆனால் பந்தல் தானாக முளைப்பதில்லை. யார் அரிசி தருவது, யார் மோர் கலக்குவது என்று பேசி முடிக்க, ஆண்டு முழுவதும் சந்தித்துக்கொள்ளும் மனிதர்கள் வேண்டும். அவர்கள் சிதறிவிட்டால் தங்கள் தெருவுக்கே ஒருநாள் விருந்தாளிகளாக வருவார்கள். அந்த நிலையை நான் விழாவின் வெற்றி என்று எண்ண மாட்டேன்.

சுற்றுலாப் பணம்தான் பழைய கடைகளைக் காக்கிறது என்ற வாதத்திலும் பாதி நியாயம் உண்டு. 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகத்தில் உள்ளூர்க்காரரும் பயணிகளும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் பெயர் பெற்ற கடைக்குச் செல்லும் கணக்கு, ஒரு கிளாஸ் தேநீரில் சில காசு லாபம் பார்ப்பவருக்குச் செல்லாது. வாடகை இருமடங்கானால் அவர் தேநீர் விலையை இருமடங்காக்க முடியாது. கடையைத்தான் மூடுவார்.

கனமான மறுப்பு உரிமையாளர் தரப்பிலிருந்து வருகிறது. பழைய கட்டுப்பாட்டில் அவர்கள் கண்ட வாடகை மிகச் சொற்பம். ஓடு மாற்றக்கூடப் போதாமல் வீடுகள் சிதைந்தன. அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவருவது அநியாயம். இங்கிலாந்து வழி அதைச் செய்வதில்லை. வாடகையை அது உறைய வைப்பதில்லை, ஊராருக்கே விற்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துவதில்லை; ஆறு மாதம் பொறுக்கச் சொல்கிறது. பினாங்கில் விற்பனையைவிட வாடகை மாற்றமே கடைகளை மூடுவதால், குத்தகை முடியும் நேரத்துக்கும் அந்த அவகாசத்தை நீட்ட வேண்டும். எந்தக் கடைகளைப் பதிவு செய்வது என்பதை அங்கே தினமும் உட்காருபவர்களிடமே மாநகர் மன்றம் கேட்கலாம்.