பதில் வராத கட்டளை

செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, கேட்ட கேள்விக்கு விடை எழுதுவதோடு நின்றுவிடாமல், ஒரு பணியைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் உரிய கருவியைத் தானே அழைத்து, கிடைத்த விளைவைப் பார்த்து அடுத்த படியைத் தீர்மானிக்கும் மென்பொருளாகும். கருவி என்னும் சொல் இங்கே தேடுபொறி, தரவுத்தளம், மின்னஞ்சல், பணப்பரிமாற்றச் சேவை போன்ற வேறு நிரல்களைக் குறிக்கிறது. யோசித்தல், செய்தல், விளைவை நோக்குதல் என்னும் இச்சுழற்சியை 2022-இல் வெளிவந்த ‘ரியாக்ட்’ ஆய்வுக்கட்டுரை தெளிவாக வகுத்துக் காட்டியது.

படிகள் கூடக்கூட நம்பகத்தன்மை சரிவது எளிய பெருக்கல் கணக்குதான். ஒவ்வொரு படியும் நூற்றுக்கு 95 முறை சரியாக நடக்கும் என்றும், ஒரு படியின் பிழை மற்றொன்றைப் பாதிக்காது என்றும் கொண்டால், 20 படிகளும் பிழையின்றி முடிவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 36 விழுக்காடே. 95-ஐ 99-ஆக உயர்த்தினாலும் அது 82-ஐத் தாண்டுவதில்லை. எனவே முகவரை இயக்கும் மொழி மாதிரியின் கூர்மையை மட்டும் நம்பாமல், அதைச் சுற்றியுள்ள பணியோட்டத்தைப் பிழை தாங்கும் வகையில் அமைக்க வேண்டியிருக்கிறது.

கருவி ‘இயலாது’ என்று சொல்லிவிட்டால் சிக்கல் பெரிதன்று, மௌனமே ஆபத்தானது. பயணச்சீட்டு எடுக்கும் முகவர் 1,450 ரூபாய் செலுத்தும் கட்டளையை அனுப்பி, 30 விநாடி காத்திருந்தும் பதில் வரவில்லை என்றால், கட்டளையே போய்ச் சேரவில்லையா, பணம் எடுக்கப்பட்டபின் பதில் மட்டும் வழியில் தொலைந்ததா என்பதை அதனால் அறிய முடியாது. மீண்டும் அனுப்பினால் இருமுறை பணம் போகலாம். அனுப்பாவிட்டால் சீட்டே கிடைக்காமல் போகலாம். இதற்குத் தீர்வாக, முதல் முயற்சிக்கு முன்பே அந்தக் கட்டளைக்கெனத் தனி எண் ஒன்றை உருவாக்கிப் பதிந்துகொண்டு, எத்தனை முறை முயன்றாலும் அதே எண்ணுடன் அனுப்புகிறார்கள். பெறும் சேவை தன் பதிவேட்டில் அவ்வெண்ணைக் கண்டால், மறுபடி பணம் எடுக்காமல் பழைய முடிவையே திருப்பித் தருகிறது. எத்தனை முறை செய்தாலும் விளைவு மாறாத இத்தன்மைக்கு வழங்கும் ‘ஐடெம்பொட்டென்ட்’ என்ற பெயர், 1870-இல் கணிதவியலாளர் பெஞ்சமின் பியர்ஸ் இயற்கணிதத்துக்காகப் படைத்தது. பலரும் கோட்டைவிடும் இடமும் இங்கேயே இருக்கிறது: எண்ணை உருவாக்கும் பொறுப்பை மொழி மாதிரியிடம் விட்டால், அது ஒவ்வொரு முயற்சிக்கும் புதிய எண்ணைத் தந்து பாதுகாப்பையே குலைத்துவிடக்கூடும் என்பதால், அவ்வேலை வழக்கமான நிரலிடமே இருக்க வேண்டும்.

சீட்டு கிடைத்து, அதே பயணத்துக்கான விடுதி அறை கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்பது அடுத்த வினா. 1987-இல் ஹெக்டர் கார்சியா-மொலினாவும் கென்னத் சேலமும் தரவுத்தளங்களுக்காக முன்வைத்த ‘சாகா’ முறை, ஒவ்வொரு படிக்கும் அதை ஈடுசெய்யும் எதிர்ப்படியையும் முன்கூட்டியே வகுத்துவைக்கச் சொல்கிறது. அதன்படி, எடுத்த சீட்டை முகவர் ரத்துசெய்யும். ரத்துக் கட்டணம் போனது போனதுதான். அனுப்பிய மின்னஞ்சலையோ திரும்பப் பெறவே முடியாது. ஆகவே மீட்க முடியாத படிகளை இயன்றவரை கடைசியில் வைத்து, அவற்றுக்கு முன் மனிதரின் ஒப்புதலைக் கேட்பது முறை. முடிந்த படிகளை உடனுக்குடன் பதிவதும், முயற்சிகளுக்கு வரம்பு வைப்பதும் சொல்லாமலே செய்ய வேண்டியவை.

இத்தகைய சேவையை வாங்க முனைவோர், பணம் செலுத்தும் படியில் பதில் வராவிட்டால் முகவர் என்ன செய்யும் என்று விற்பவரிடம் கேட்டுப் பார்க்கலாம். ‘மறுபடி முயலும்’ என்பது மட்டுமே விடையாக வந்தால், அந்த முகவரிடம் வங்கிக் கணக்கை ஒப்படைக்க வேண்டாம்.